பாம்பனில் 32 டிகிரிதான், அப்புறம் ஏன் ‘யூவி 12’?

சித்திரை மாதத்தில் போனில் வானிலை பார்த்தால் பாம்பனுக்கு 32, 33 டிகிரி என்று காட்டும். அதே நேரம் மதுரைக்கு 39 காட்டும். ‘நம்ம ஊர் தேவலை’ என்று திரையைக் கொஞ்சம் நகர்த்தினால், ஊதா நிறக் கட்டத்தில் ‘யூவி 12, மிகக் கடுமை’ என்று வந்து நிற்கிறது. 2025 கோடையில் கேரளத்தின் பேரிடர் மேலாண்மை ஆணையம் இதே எண்ணை வைத்து ஊர்வாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுத்த செய்தி இங்கேயும் பரவியதில் குழப்பம் கூடிவிட்டது. வெப்பம் குறைவாக இருக்கிற இடத்தில் கதிர் எப்படி அதிகமாக இருக்கும்? போன் தப்பாகக் காட்டுகிறதா?

போன் சரியாகத்தான் காட்டுகிறது. டிகிரி ஒன்றை அளக்கிறது, யூவி இன்னொன்றை அளக்கிறது. வல்லம் என்ற நாட்டுப்படகிலும் உப்பளத்திலும் பாசி எடுக்கும் கடலிலும் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

வெயிலில் கலந்து வருவது என்ன

வெயில் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். அதில் மூன்று வகை இருக்கிறது.

1. கண்ணுக்குத் தெரியும் ஒளி.
2. அகச்சிவப்புக் கதிர். தோலில் சுடுவதாக நாம் உணர்வது பெரும்பாலும் இதைத்தான்.
3. புற ஊதாக் கதிர், அதாவது யூவி. இது கண்ணுக்கும் தெரியாது, தோலில் விழும்போது சுடவும் செய்யாது. சில மணி நேரம் கழித்து எரிச்சலாகவும், சில ஆண்டுகள் கழித்து வேறு விதமாகவும்தான் தெரியவரும்.

வானிலையில் சொல்லும் டிகிரி காற்றின் வெப்பம். கடற்காற்று வீசினால் அது இறங்கும். புற ஊதாக் கதிரைக் காற்று தள்ளிக்கொண்டு போகாது; அடித்தாலும் ஓய்ந்தாலும் கதிர் அதே அளவுதான் விழும். நேரமும் ஒத்துப்போகாது. வெப்பம் பிற்பகல் 2, 3 மணி வாக்கில்தான் உச்சத்துக்கு வரும். புற ஊதாவின் உச்சம் சூரியன் உச்சியில் இருக்கும்போதே வந்து, இறங்கவும் தொடங்கிவிடும்.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல ஏற்பாடு, ஆனால் அது வெப்பத்துக்கானது. கடலோர நிலையம் ஒன்றில் 37 டிகிரியாவது வந்தால்தான் வானிலைத் துறை வெப்ப அலை பற்றியே யோசிக்கும். 33 டிகிரியில் நிற்கும் பாம்பனுக்கு அந்த மணி அடிக்காது. கரையில் இருப்பவர்கள் வெயிலைக் குறைத்து எடைபோடுவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்தக் காற்றேதான்: வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், மதுரைக்காரர் நிழல் தேடி ஒதுங்கும் நேரத்தில் பாம்பன்காரர் வெயிலிலேயே நிற்கிறார்.

புற ஊதாவிலும் ஏ, பி, சி என்று மூன்று உண்டு. சி வகையை ஓசோனும் ஆக்சிஜனும் மேலேயே முழுதாகத் தடுத்துவிடும். பி வகையில் பெரும்பகுதி மேலேயே நின்றுவிடும்; மிச்சம் வருவது தோலின் மேலடுக்கில் விழுந்து எரித்துச் சிவக்கவைக்கும். தரைக்கு வருவதில் 95 சதவீதம் ஏ வகை. அது ஆழமாக இறங்கித் தோலைச் சுருங்கவைக்கும், கறுக்கவைக்கும்.

12 என்பது எதன் அளவு

இந்த யூவி குறியீட்டை முதலில் கொண்டுவந்தது கனடா, 1992இல். பின்னர் உலக சுகாதார நிறுவனமும் உலக வானிலை அமைப்பும் அதை எல்லா நாட்டுக்கும் பொதுவாக்கின. 0 முதல் 2 வரை குறைவு, 3 முதல் 5 வரை மிதம், 6, 7 அதிகம், 8 முதல் 10 வரை மிக அதிகம், 11உம் அதற்கு மேலும் எல்லாமே மிகக் கடுமை.

பலர் இதைப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்பதுபோல் நினைக்கிறார்கள். இதற்கு மேல்வரம்பே கிடையாது. ஒவ்வொரு எண்ணும், தோலை எரிக்கும் திறனைக் கணக்கிட்டு, ஒரு சதுர மீட்டரில் விழும் 25 மில்லிவாட் கதிரைக் குறிக்கும். 6 உள்ள ஊரில் ஒரு மணி நேரம் நிற்பதும் 12 உள்ள ஊரில் அரை மணி நேரம் நிற்பதும் தோலுக்கு ஒரே கணக்கு. இன்னொன்று: செய்தியில் சொல்வது பெரும்பாலும் அன்றைய உச்ச அளவு. காலை 8 மணிக்கு அது 12ஆக இருக்காது.

நம் கரைக்கு ஏன் இவ்வளவு

1. சூரியன் நேர் மேலே வருகிறது. ராமேசுவரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 9.3 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள் வாக்கில், நண்பகலில் இங்கே சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. ஆகஸ்ட் 28, 29 வாக்கில், அதாவது ஆவணியில், மறுபடி அப்படி வரும். ஆவணியில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக அடிப்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. கதிர் சாய்ந்து வராமல் நேராக வந்தால் காற்று மண்டலத்தில் கடக்கும் தூரம் குறைவு, வடிகட்டப்படுவதும் குறைவு. மார்கழியில்கூட உச்சி நேரத்தில் சூரியன் இங்கே 57 பாகை உயரத்துக்கு ஏறுகிறது. லண்டனில் நடுக்கோடையிலேயே அது 62 பாகைதான். நம் மார்கழி வெயில் அவர்களுடைய ஆனி வெயிலுக்குப் பக்கத்தில் வருகிறது.

2. ஓசோன் மெலிது. ‘ஓசோனில் ஓட்டை விழுந்துவிட்டது, அதனால்தான் இந்த வெயில்’ என்று டீக்கடையில் சொல்வார்கள். அந்த ஓட்டை அண்டார்டிகாவின் மேல். பூமத்திய ரேகையை ஒட்டிய நாடுகளின் மேல் ஓசோன் இயல்பிலேயே குறைவு; நம் தாத்தா காலத்திலும் அப்படித்தான்.

3. கீழிருந்தும் வருகிறது. காய்ந்த மணல் தன்மேல் விழும் புற ஊதாவில் 15 சதவீதத்தையும், அலை நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும். உப்பளத்தில் வாரிக் குவித்த வெள்ளை உப்பு மணலைவிட அதிகமாகவே அனுப்பும். தொப்பி போட்டிருந்தும் தாடைக்கு அடியிலும் மூக்குக்குக் கீழேயும் கறுப்பது இதனால்.

4. மேகமும் தண்ணீரும் பெரிதாகத் தடுப்பதில்லை. மெல்லிய மேகத்தை 90 சதவீதத்துக்கு மேல் ஊடுருவும். தண்ணீருக்கு அடியில் அரை மீட்டரில்கூட மேலே உள்ளதில் 40 சதவீதம் இருக்கும். பாசி எடுக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். குனிந்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருக்கும்போது முதுகும் பிடரியும் மேலே மிதக்கின்றன. உடம்பு குளிர்ச்சியாக இருக்கிறது. பிடரி உச்சி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது.

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். கடலுக்குப் போகாததால் வெயில் மிச்சம் என்று தோன்றும். அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றிச் சுரண்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் வலையைச் சரிபார்ப்பதும் நடக்கிறது, அதுவும் வெள்ளை மணலில், சூரியன் தலைக்கு மேல் நிற்கிற பருவத்தில்.

கறுத்த தோலை ஒன்றும் செய்யாதா

பாதி உண்மை. மேல்தோலின் உயிரணுக்களில் மெலனின் என்ற நிறமி, உட்கருவின் மேல் குடை பிடித்த மாதிரி போய் உட்காரும். வெயில் படப்பட அந்தக் குடை தடிக்கும். ‘வெயில்ல கறுத்துப்போயிட்டியே’ என்று நாம் வருத்தப்படுவது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வேலையைப் பார்த்துத்தான். இந்தக் குடை இருப்பதால் வெள்ளைக்காரர்களுக்கு வருகிற அளவுக்குத் தோல் புற்றுநோய் நம்மிடம் வருவதில்லை. 2019இல் உலகெங்கும் வெயிலில் செய்த வேலையால் வந்த தோல் புற்றில் ஏறக்குறைய 19,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் கணக்கிட்டுள்ளன. அந்த எண்ணை அப்படியே தூக்கி நம் கரையில் வைத்துப் பயமுறுத்துவது சரியில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. மெலனின் இல்லாமலே பிறக்கும் பிள்ளைகள், ஊரில் ‘வெள்ளைப் பிள்ளை’ என்பார்கள், அவர்களுக்கு இந்தக் குடையே இல்லை. அவர்களைக் கருவாடு காயவைக்கவோ வலை இழுக்கவோ உச்சி வெயிலில் நிறுத்தக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

மற்றவர்களுக்குக் கேடு வரும் இடங்கள் வேறு.

முதலாவது கண். கண்ணில் மெலனின் குடை உதவாது. கடல் வேலையில் பல ஆண்டு இருந்தவர்களின் கண்ணை உற்றுப் பாருங்கள். மூக்குப் பக்கத்து வெள்ளைவிழியிலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாக, மெல்லிய சிவப்பு நரம்போடு ஒரு சவ்வு வளர்ந்திருக்கும். ‘கண்ணுல சதை வளருது’ என்பார்கள். பக்கவாட்டிலிருந்து வரும் கதிரைக் கருவிழியின் வளைவு ஒரு லென்சுபோல மூக்குப் பக்க ஓரத்தில் குவிப்பதால்தான் பெரும்பாலும் அந்தப் பக்கமே வருகிறது. தண்ணீரும் மணலும் பக்கவாட்டில் ஒளியை எறிகிற இடம் நம்முடையது. தூசியும் உப்புக்காற்றும் அதற்குத் துணை. சதை கருவிழியின் நடுவுக்கு வந்தால் பார்வை மறையும், அறுவை செய்ய வேண்டிவரும், செய்தாலும் திரும்ப வளர வாய்ப்புண்டு. கண்புரை சீக்கிரம் வருவதிலும் புற ஊதாவுக்குப் பங்குண்டு.

இரண்டாவது கீழுதடு. மேல்நோக்கி இருப்பதால் நேராக வாங்குகிறது, அதில் மெலனினும் குறைவு. வெடித்து, தோலுரிந்து, ஓரம் மங்கி வெளுத்துப்போகும். புகையிலையும் சேர்ந்தால் கேடு கூடும்.

மூன்றாவது மங்கு. கன்னத்திலும் நெற்றியிலும் திட்டுத்திட்டாகப் படியும் இது பெண்களுக்கு அதிகம். கறுத்த தோலில் மங்கைத் தூண்டுவது புற ஊதா மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரியும் ஒளியும்தான். அதனால்தான் வெறும் வெயில் காப்புக் கிரீம் (சன்ஸ்கிரீன்) பூசி மங்கு குறையவில்லை என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள்.

காப்பு: முதலில் கடிகாரம், அப்புறம் துணி, கடைசியில் கிரீம்

விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்லும்.

1. நிழல் கணக்கு. போனே வேண்டாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை. ராமேசுவரம் பக்கம் சித்திரையில் காலை 9.10க்கு நிழலும் ஆளும் சமம். அதன்பின் மாலை 3.15 வரை நிழல் குட்டைதான். மார்கழியில் இது காலை 10இலிருந்து 2.15 வரை. இங்கே உச்சி என்பது 12 மணிகூட இல்லை, 12.13 வாக்கில், இந்திய நேரம் கணிக்கும் தீர்க்க ரேகைக்கு நாம் மேற்கே இருப்பதால் அந்தப் பிந்தல். உப்பு வாருகிறவர்கள் விடியுமுன் பாத்தியில் இறங்கி வெயில் ஏறுமுன் கரையேறுவது இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. அந்த நேரத்தைத் தள்ளிப்போடச் சொல்கிற மேஸ்திரிக்கு இதைக் காட்டலாம்.

2. நிழலிலும் வித்தியாசம் உண்டு. கடற்கரையில் நான்கு கம்பு நட்டுக் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே நேர் கதிர் விழாது, ஆனால் சுற்றியுள்ள வானத்திலிருந்து சிதறி வருவது வரும். உட்கார்ந்த இடத்திலிருந்து எவ்வளவு வானம் தெரிகிறதோ அவ்வளவு கதிர் வரும். மேற்குப் பக்கம் ஓர் ஓலைத் தட்டியைச் சாய்த்து வைத்தால் பிற்பகலில் பெரிய மாற்றம் தெரியும்.

3. துணி. உப்பளத்திலும் பாசி வேலையிலும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கடையில் கிடைக்கும் எந்தக் கிரீமும் அந்தச் சட்டைக்கு ஈடாகாது. எந்தச் சட்டை என்பதில்தான் விஷயம். மெல்லிய வெள்ளைப் பருத்தி பனியன் புற ஊதாவில் ஏழில் ஒரு பங்கை உள்ளே விடும். நனைந்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கை. நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிறமுள்ள பாலியஸ்டர் கலந்த துணி நனைந்தாலும் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விடாது. கடலில் இறங்குபவர்கள் பருத்தியை விட்டுப் பாலியஸ்டருக்குப் போவது நல்லது. கரையில் வேலை செய்பவர்களுக்கு வெப்பமும் ஒரு தொல்லை என்பதால், தொளதொளவென்று இருக்கும் வெளுக்காத கோரா பருத்தி போதும். வெளுத்த பருத்தியைவிட அது நன்றாகத் தடுக்கும். சோதனை எளிது. துணியை ஒற்றையாக விரித்து வானத்துக்கு எதிரே பிடியுங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் அது காப்பில்லை.

4. தலை. துண்டைத் தலையில் கட்டினால் மண்டை தப்பும். முகமும் காதும் பிடரியும் வெளியே. கிரிக்கெட் தொப்பி மூக்கை மறைக்கும், காதை மறைக்காது. நம் கரையிலேயே முடைகிற பனையோலைத் தொப்பி, விளிம்பு நான்கு விரல்கடை அகலமாவது இருந்தால், இரண்டையும்விட மேல். வாங்கும்போது வெயிலில் பிடித்து அதன் நிழலைப் பாருங்கள். நிழலுக்குள் ஒளிப்பொட்டுகள் தெளித்தாற்போல் விழுந்தால் முடைச்சல் தளர்ந்தது, வேறு எடுங்கள். காற்றில் பறக்கும் என்பதுதான் குறை. தாடைக்கு ஒரு நாடா தைத்தால் தீர்ந்தது. படகில் போகிறவர்கள் தொப்பிக்கு அடியில் துண்டைப் போட்டுப் பிடரியில் தொங்கவிடலாம்.

5. கண்ணாடி. கறுப்பாக இருப்பதெல்லாம் காப்பில்லை. புற ஊதாவைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி போட்டால் பாவை விரிந்து கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும். ‘யூவி 400’ என்று போட்டிருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற, பக்கவாட்டையும் மறைக்கும் நிறமில்லாத பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி புற ஊதா முழுவதையும் தடுத்துவிடும், விலையும் குறைவு. கூசுவதை அது குறைக்காது. உப்பளத்தில் கூச்சமே பெரிய தொல்லை என்பதால் அங்கே நிறமுள்ளதுதான் சரிப்படும்.

6. கிரீம். டியூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், தோலை எரிக்கும் கதிரிலிருந்து கிடைக்கும் காப்பின் அளவு. எஸ்பிஎஃப் 15 பி வகைக் கதிரில் 93 சதவீதத்தையும், 30 என்பது 97ஐயும், 50 என்பது 98ஐயும் தடுக்கும். 30க்கு மேல் போவதில் லாபம் சொற்பம். ஏ வகைக்கு ‘பிஏ’ என்று எழுதி எத்தனை கூட்டல் குறி போட்டிருக்கிறது என்று பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் இந்த அளவுகளை எடுக்கிறார்கள். முகம், கழுத்து, காதுக்கு இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் அந்த அளவு வரும். கைகளையும் சேர்த்தால் 2 கிராமைத் தாண்டும். வியர்த்தால், நனைந்தால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். மூன்று முறை என்றால் நாளைக்கு 6 கிராம்; 50 கிராம் டியூப் எட்டு நாளில் தீரும். தினக்கூலியில் இருப்பவர் வீட்டில் இது நடக்காது. பட்டாணி அளவு தேய்த்துக்கொண்டு ‘பூசியாச்சு’ என்று கூடுதல் நேரம் வெயிலில் நிற்பது பூசாமல் இருப்பதைவிட மோசம்.

அதனால் கிரீமைத் துணி மறைக்காத இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்: மூக்கு, கன்னமேடு, உதடு. கிரிக்கெட் வீரர்கள் முகத்தில் பார்க்கும் வெள்ளைத் துத்தநாக ஆக்சைடு பூச்சு இதற்கு ஏற்றது. மங்கு உள்ளவர்கள் தோல் நிறத்துக்குச் சாயம் சேர்த்த, இரும்பு ஆக்சைடு கலந்த வகையை வாங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுப்பது அதுதான். கடலில் இறங்குபவர்களுக்கு இன்னொரு விஷயம்: ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் பவளத்துக்குக் கேடு என்று சொல்லிப் பலாவ் 2020இலும் ஹவாய் 2021இலும் அது கலந்த கிரீம்களுக்குத் தடை போட்டன. கடலில் உண்மையில் எவ்வளவு கேடு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனாலும் 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டு உள்ள மன்னார் வளைகுடாவில் துத்தநாக வகை கையிலிருக்கும்போது மற்றதைத் தேட வேண்டியதில்லை.

வெயிலோடு சேர்ந்தால் கெடுக்கிறவை

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம் வந்து கறுப்புத் தழும்பே மிஞ்சும். அந்தச் சாற்றில் உள்ள பொருள் கதிரோடு வினைபுரியும். மஞ்சளும் சந்தனமும் கேடில்லை, ஆனால் பாசி எடுக்கப் போகிறவர்களுக்கு அவை காப்பும் இல்லை.

எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவை தோலை வெயிலுக்கு எளிதில் எரியவைக்கும். நிறுத்த வேண்டாம், சாப்பிடுகிற நாட்களில் வெயிலில் வேலை என்று மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தரக்கூடும்.

எல்லாவற்றிலும் மோசம், மருந்துக்கடையில் ‘மங்கு போகும், வெள்ளையாகும்’ என்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீம். முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும். அப்புறம் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, வெயில் பட்டதும் எரிந்து சிவக்கும். நிறுத்தினால் இன்னும் சிவக்கும். வெயிலில் வேலை செய்யும் பெண்ணுக்கு, இருந்த குடையையும் பிடுங்கிக்கொண்டு விடுவதுபோல்தான். ட்யூபின் மேல் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று படியுங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசியிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவர் மேற்பார்வையில் குறைக்க வேண்டும்.

எப்போது காட்ட வேண்டும்

வெயிலில் சிவந்து எரிந்தால் குளிர்ந்த தண்ணீர்த் துணியும் இரண்டு மூன்று நாள் நிழலும் போதும். பற்பசையும் மையும் தடவ வேண்டாம். கீழுதட்டில் மூன்று வாரமாகியும் ஆறாத புண், முகத்திலோ காதிலோ தொட்டால் ரத்தம் வரும் முண்டு, பழைய தீக்காயத் தழும்பில் புதிதாக வரும் புண், கருவிழியைத் தொட்டுவிட்ட சதை ஆகியவற்றுக்குத் தள்ளிப்போடக் கூடாது. ஊருக்குக் கண் முகாம் வரும்போது கண்புரைக்காகப் பெரியவர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள். சதை வளரத் தொடங்குவது முப்பது, நாற்பது வயதில், கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே. அந்த வயதுக்காரர்களும் அந்த வரிசையில் நிற்க வேண்டும்.